திமிங்கலப் பாடத்தை யோனாவில் தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் (12, 9, 6 வயது) வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். வேதாகமத்தை நடுவில் வைத்துப் பாடங்களை அமைப்பது எங்கள் வழக்கம். அடுத்த ஒரு மாதம் திமிங்கலங்களைப் பற்றிப் படிக்கலாம் என்றிருக்கிறோம். பெரிய மீன் விழுங்கி, அதன் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவின் கதையில் தொடங்குவதாக என் எண்ணம். ஆனால் நடுப்பெண் இப்போதே, "திமிங்கலம் மீனே இல்லையாமே, அப்ப பைபிள்ல தப்பா இருக்கா?" என்கிறாள். மூத்தவன் திமிங்கலத்துக்கு ஒரு காலத்தில் கால் இருந்தது என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்து நிற்கிறான். கடைக்குட்டிக்கு எதுவாக இருந்தாலும் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இருப்பதோ கடலுக்கு வெகு தொலைவில். வாங்கி வைத்திருக்கும் பாடத்தொகுப்பில் பாதிக்கு மேல் கத்தரித்து ஒட்டும் வேலை. எப்படித் தொடங்குவது?
— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

யோனாவில் தொடங்க வேண்டாம். வீட்டில் பாடம் நடத்தும் பெற்றோருக்கு அறிவியல் பாடத்திட்டம் அமைத்துத் தருவது என் தொழில், ஞாயிறு பள்ளி நடத்துவது என் ஊழியம். இரண்டும் சேர்ந்ததால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். யோனாவில் தொடங்கும் வீடுகளில், மாதம் முடியும்போது பிள்ளைகளுக்குத் திமிங்கலத்தைப் பற்றித் தெரிந்திருப்பது அதன் வயிறு மட்டும்தான். அதுவும் உள்ளே ஒரு தாடிக்காரர் மெழுகுவத்தி ஏற்றிவைத்து உட்கார்ந்திருக்கும் வயிறு. யோனாவின் புத்தகத்தில் 48 வசனங்கள் இருக்கின்றன, அதில் மீன் வருவது மூன்றே வசனங்களில். ஆக, இப்படித் தொடங்குவது விலங்குக்கும் நியாயமில்லை, புத்தகத்துக்கும் நியாயமில்லை.

முதல் இரண்டு வாரம் திமிங்கலம் திமிங்கலமாகவே இருக்கட்டும். மூன்றாவது வாரம் யோனா வரட்டும். அப்போது உங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளின் தரமே வேறாக இருக்கும்.

முதல் நாள் எந்தப் புத்தகத்தையும் திறக்காதீர்கள். 30 மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். இதுவரை அளந்தவற்றில் மிகப் பெரிய நீலத்திமிங்கலங்கள் ஏறத்தாழ அந்த நீளம். தரையில் கயிற்றை நீட்டிப் போட்டு, 7 மீட்டரில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அது பிறந்த அன்றைய குட்டியின் நீளம். கடைக்குட்டியைக் கயிற்றோரமாகப் படுக்க வைத்து, தலை முடியும் இடத்தில் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி படுக்கச் சொல்லுங்கள். மறுமுனை போய்ச் சேர 25 தடவைக்கு மேல் படுத்தெழ வேண்டும். பாதியிலேயே சலித்து ஓடிவிடுவாள். ஓடட்டும். எத்தனை பெரிது என்பது அந்தச் சலிப்பில் பதிந்த அளவுக்கு எந்தப் படத்திலும் பதியாது.

அங்கேயே இதயத்தைப் பற்றியும் பேசிவிடலாம். சிறுவர் புத்தகங்கள் பலவற்றில் நீலத்திமிங்கலத்தின் இதயம் ஒரு கார் அளவு, அதன் ரத்தக்குழாய்க்குள் குழந்தை நீந்திப் போகலாம் என்றெல்லாம் எழுதியிருக்கும். 2014-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் இறந்த நீலத்திமிங்கலம் ஒன்றின் இதயத்தை எடுத்துப் பதப்படுத்தினார்கள். அதன் எடை ஏறத்தாழ 180 கிலோ. பெரிய இதயம்தான், ஆனால் கார் இல்லை. உண்மை அளவே போதுமான அளவுக்கு வியப்பாக இருக்கும்போது அதை ஊதிப் பெருக்குவானேன் என்று மூத்தவனிடம் கேளுங்கள். இந்தக் கேள்வி பின்னால் இன்னொரு இடத்தில் உங்களுக்கு உதவும்.

அந்த இதயம் துடிக்கும் வேகத்தை 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத்திமிங்கலத்தின் பக்கத் துடுப்புக்கு அருகே கருவியை ஒட்டிப் பார்த்தபோது, ஆழத்தில் இருக்கையில் நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரைக்கும் இறங்கியது, மூச்செடுக்க மேலே வந்ததும் முப்பதைத் தாண்டியது. மூன்று பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கை தட்டச் சொல்லுங்கள். நடுவில் பேசக்கூடாது. இரண்டு தட்டலுக்கு இடையிலுள்ள அந்த நீண்ட அமைதியில் ஆறு வயதுப் பிள்ளை தவிக்கும் தவிப்பு இருக்கிறதே, அதைப் பார்க்கவாவது இதைச் செய்யுங்கள்.

குளிர்நீரில் எப்படி உயிர் வாழ்கிறது என்பதற்கு எல்லாப் பாடத்தொகுப்பிலும் ஒரு கொழுப்புக் கையுறைச் சோதனை இருக்கும். உங்களுடையதிலும் இருக்கும். அதைப் பெரும்பாலானோர் அரைகுறையாகச் செய்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் வெண்ணெய் போல உறைந்த கொழுப்பை இரண்டு விரல் கனத்துக்கு நிரப்பி, இன்னொரு பையை அதற்குள் செருகி, விளிம்புகளை ஒட்டுநாடாவால் ஒட்டி, உள்பைக்குள் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் அமுக்குவது. இதுவரை சரி. ஆனால் மற்றக் கையை வெறுமனே தண்ணீரில் விடச் சொல்வார்கள், அங்கேதான் தவறு. அந்தக் கையும் கொழுப்பில்லாத இரட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிரைத் தடுத்தது கொழுப்பா, பிளாஸ்டிக்கா என்று எப்படித் தெரியும்? ஒன்பது வயதுக்காரி இதைத் தானே கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது, முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். எந்தக் கை எத்தனை நொடியில் வெளியே வந்தது என்பதை அவளே எழுதட்டும். ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கலத்துக்குக் கொழுப்பு அடுக்கு அரை மீட்டர் கனம் வரை இருக்கும் என்று அப்போது சொல்லி, மட்டக்கோலைக் கையில் கொடுங்கள்.

இனி அவளுடைய கேள்வி: மீன் இல்லை என்றால் பைபிள் தப்பா?

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் உயிர்களை அவை வாழும் இடத்தை வைத்துப் பிரிக்கிறது: நீரில் நீந்துபவை, வானத்தில் பறப்பவை, நிலத்தில் நடமாடுபவை. லேவியராகமம் 11-இல் பறவைகளின் பட்டியலோடு வௌவாலும் வரும். வாழுமிடத்தையும் நடமாட்டத்தையும் கொண்டு பிரிப்பது ஒரு முறை, உடலமைப்பைக் கொண்டு பிரிப்பது இன்னொரு முறை. உடலமைப்பை வைத்து உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸே முதலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். தன் வகைப்பாட்டு நூலின், 1758-இல் வெளியான பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

இதை விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட வழக்காடிப் பார்ப்பது மேல். 1818-இல் நியூயார்க்கில் உண்மையாகவே ஒரு வழக்கு நடந்தது. மீன் எண்ணெயைச் சோதித்து அதற்குக் கட்டணம் வாங்கும் அதிகாரி ஒருவர், திமிங்கல எண்ணெய் வாங்கிய வணிகர்மீது வழக்குத் தொடர்ந்தார். வணிகர், திமிங்கலம் மீனே இல்லை, எனவே கட்டணமும் இல்லை என்றார். சாமுவேல் மிட்சில் என்ற பெயர்பெற்ற இயற்கை அறிஞர் வணிகருக்காகச் சாட்சி சொல்ல வந்து, திமிங்கலம் ஏன் மீனில்லை என்று விளக்கினார். எல்லாவற்றையும் கேட்ட ஜூரி, அதிகாரியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது!

இந்த வழக்கை வீட்டில் நடத்துங்கள். மூத்தவன் அதிகாரிக்கு வழக்கறிஞர், அதாவது மீன் கட்சி. கஷ்டமான பக்கத்தை அவனுக்குக் கொடுப்பதுதான் நியாயம். நடுப்பெண் வணிகரின் வழக்கறிஞர். கடைக்குட்டி நீதிபதி, மேசையில் தட்ட ஒரு கட்டை கொடுத்துவிட்டால் நாள் முழுவதும் நீதி வழங்குவாள். நடுப்பெண் தேடி எடுக்க வேண்டிய சாட்சியங்கள் நிறைய உண்டு. நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும், திமிங்கலம் மேலும் கீழுமாக அடித்து நீந்தும். கூன்முதுகுத் திமிங்கலத்தின் தலையில் இருக்கும் ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு முடி வளர்கிறது, கடைசிச் சாட்சியாக அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதிர்க்கட்சி அசந்துவிடும். வழக்கு முடியும்போது, பைபிள் தப்பா என்ற கேள்வி அவளுக்கே வேறு விதமாகத் தெரியும். யார், எதற்காக, எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று கேட்கப் பழகியிருப்பாள்.

மூன்றாம் வாரம் யோனா. "மனுஷனைத் திமிங்கலம் விழுங்க முடியுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நீலத்திமிங்கலம் அத்தனை பெரிதாக இருந்தும் தொண்டை குறுகலானது. கிரில் என்ற சிறு இறால் போன்ற உயிர்கள்தான் அதன் உணவு, மனிதனை விழுங்க அதனால் ஆகாது. ஸ்பெர்ம் திமிங்கலம் பெரிய கணவாய்களை விழுங்குகிறது, அதன் தொண்டையில் ஆள் போக இடமுண்டு. உள்ளே மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா? முடியாது. காற்றில்லை, செரிமான அமிலம் உண்டு. இதை மழுப்பாமல் சொல்லுங்கள். "ஒரு பெரிய மீனைக் கர்த்தர் ஆயத்தப்படுத்தியிருந்தார்" என்றுதான் வேதம் சொல்கிறது. என்ன வகை என்று சொல்லவில்லை, இது இயல்பாக நடக்கக்கூடியது என்றும் சொல்லவில்லை. அற்புதம் என்று நம்புகிறவர் அற்புதம் என்றே சொல்லிக்கொடுக்கலாம். அதற்குத் திமிங்கலத்தின் உடற்கூறிலிருந்து முட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

முட்டுக் கொடுக்கப் போனவர்கள் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1891-இல் ஜேம்ஸ் பார்ட்லி என்ற மாலுமியைத் திமிங்கலம் விழுங்கியது, மறுநாள் வயிற்றைக் கிழித்தபோது உயிரோடு வந்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பாடத்தொகுப்புகளிலும் எட்டிப் பார்க்கும். அந்தக் கப்பலின் தலைவருடைய மனைவியே அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் பொறுப்பில் இருந்த காலமெல்லாம் தானும் அந்தக் கப்பலில் இருந்ததாகவும், யாரும் கடலில் விழவில்லை என்றும் சொன்னார். பின்னாளில் இதைத் துருவி ஆராய்ந்து கதையில் சாரமில்லை என்று எழுதிய எட்வர்ட் டேவிஸ் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர். உங்கள் தொகுப்பில் இந்தக் கதை இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். மூத்தவனிடம் கொடுத்து, இது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேளுங்கள். கார் அளவு இதயத்தைப் பற்றி முன்பு பேசியது இங்கே கைகொடுக்கும்.

மீன் யோனாவைக் கரையில் கக்கியதோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள், பாதிப் புத்தகம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நான்காம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பிள்ளைகளை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். யோனா அனுப்பப்பட்ட நகரமான நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிற கேள்வியில், லட்சத்து இருபதாயிரத்துக்கு அதிகமான மனுஷரோடு "அநேக மிருகஜீவன்களும்" இருக்கின்றன. புத்தகம் அந்த மிருகஜீவன்களோடுதான் முடிகிறது. விலங்குப் பாடத்துக்கு யோனாவிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

வேதத்தில் வரும் லிவியாதான் என்ற பெரும் விலங்குதான் திமிங்கலம் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். யோபு 41-இல் அதன் வாயிலிருந்து நெருப்பு வருகிறது. சிலர் முதலை என்பார்கள், சிலர் வேறு சொல்வார்கள். ஆனால் 104-ஆம் சங்கீதத்தை அவசியம் வாசியுங்கள். கடலில் "விளையாடும்படி நீர் உண்டாக்கின லிவியாதானும் உண்டு" என்கிறது. மனிதனுக்குப் பயன்படுவதற்காக என்று அங்கே இல்லை, விளையாடுவதற்காக.

பயன் என்றதும், மூத்தவனுக்கு மட்டும் ஒரு தனிப் பாடம் சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் திமிங்கல வேட்டைக்குப் பேர்போன அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் வேட்டைக்காரர்களில் பலர் குவேக்கர்கள், போரே கூடாது என்ற கிறிஸ்தவர்கள். 1870-இல் வெடிமுனை ஈட்டித் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய நார்வேக்காரர் ஸ்வென் ஃபோயின் பக்தியுள்ள லூத்தரன், மிஷன் ஊழியத்துக்கு வாரி வழங்கியவர். அதுவரை வேகமாக ஓடித் தப்பிய நீலத்திமிங்கலங்களை அந்தக் கருவியும் நீராவிக் கப்பலும் சேர்ந்து எட்டிப் பிடித்தன. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். வணிக வேட்டைக்குச் சர்வதேசத் தடை 1986-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நார்வே, ஜப்பான் போன்ற நாடுகள் இன்றும் வேட்டையாடுகின்றன. "ஆண்டுகொள்ளுங்கள்" என்று ஆதியாகமம் முதல் அதிகாரத்திலும், தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்று இரண்டாம் அதிகாரத்திலும் இருக்கிறது. ஃபோயின் எதை வாசித்தார், எதை விட்டார் என்று பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு பக்கம் எழுதலாம். ஃபோயினை வில்லனாக்கி எழுதினால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

கால் விஷயம் உங்கள் கடிதத்தில் மிகக் கனமானது, பயந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. அவன் படித்தது கட்டுக்கதை அல்ல. எகிப்தியப் பாலைவனத்தில் வாதி அல்-ஹிதான் பகுதியில் பசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடுகள் கிடைக்கின்றன. அதற்கு முழங்காலும் விரல்களும் கொண்ட சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தன என்று 1990-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் நான்கு காலில் நடந்த விலங்கு. அதன் காது எலும்பின் அமைப்பு மட்டும் திமிங்கலங்களுக்கே உரியது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டு முந்தையது என்று கணிக்கிறார்கள். இன்றைய திமிங்கலத்தின் உடலுக்குள்ளும் முதுகெலும்போடு சேராத இரண்டு சிறு இடுப்பெலும்புகள் இருக்கின்றன. அவை பயனற்றவை என்று சில அறிவியல் புத்தகங்கள் சொல்வது தவறு, இனப்பெருக்க உறுப்புகளின் தசைகள் அவற்றோடுதான் இணைகின்றன. பயன் இருக்கிறது, ஆகவே இது சான்றே இல்லை என்று சில கிறிஸ்தவப் புத்தகங்கள் தாண்டிப் போவதும் அவசரம்தான்.

உயிரியலாளர்கள் ஏறத்தாழ எல்லாரும் இதிலிருந்து, நிலத்தில் நடந்த விலங்குகளின் வழிவந்தவை திமிங்கலங்கள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதை ஏற்று, தேவன் படைத்த விதமே அதுதான் என்று நம்பும் கிறிஸ்தவர்கள் உண்டு, ஆறு நாளை ஆறு நாளாகவே வாசித்து ஏற்காதவர்களும் உண்டு. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பக்கமானாலும் அவனிடம் சொல்ல வேண்டியவை ஒரே வரிசையில் வரட்டும்: தோண்டியபோது என்ன கிடைத்தது, அதிலிருந்து அறிஞர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்கள், நாங்கள் என்ன நம்புகிறோம், ஏன். முதலிரண்டை மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் சொன்னால், பின்னாளில் எலும்பைப் பார்க்கிற அன்று அவன் சந்தேகப்படப் போவது உங்கள் பேச்சை.

கடல் தொலைவில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கடற்கரையில் குடியிருப்பவர்களிலும் பெரும்பாலோர் திமிங்கலத்தைப் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகக் கேட்க வையுங்கள். கூன்முதுகுத் திமிங்கலத்தின் ஒலி வெறும் கத்தல் அல்ல, அதில் திரும்பத் திரும்ப வரும் அமைப்புண்டு, அது பாட்டு என்று ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் எழுதினார்கள். ஆண்கள்தான் பாடும். ஒரு பகுதியின் ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும், காலப்போக்கில் பாட்டு மாறும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பதிவை ஓடவிடுங்கள். திரும்ப வரும் பகுதி வந்ததும் கையை உயர்த்த வேண்டும் என்பது மட்டும் விதி. இதில் ஆறு வயதுக்காரி மற்ற இருவரையும் தோற்கடித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வாங்கிய பாடத்தொகுப்பில் கத்தரித்து ஒட்டும் பக்கங்களைக் கடைக்குட்டிக்குக் கொடுத்துவிடுங்கள், அவளுக்குக் கை வேலை வேண்டும். மற்ற இருவரையும் அதில் உட்கார வைத்து நேரத்தைக் கொல்ல வேண்டாம். தனித்தனியாக மூன்று பாடம் தயாரிக்கவும் வேண்டாம், கயிறும் கையுறையும் வழக்கும் மூவருக்கும் பொது, எழுதுவது மட்டும் அவரவர் வயதுக்கேற்ப. மாதக் கடைசியில் எழுத்துத் தேர்வு வைப்பதைவிட, மூத்தவன் தங்கைகள் இருவருக்கும் ஒரு முழுப் பாடம் நடத்தட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, கடைக்குட்டி "ஏன்?" என்று கேட்டு அவன் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் முடிந்துவிட்டது என்று பாடத்தை மூடாமல், அந்த இடங்களுக்காக இன்னொரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.